பெட்டி இன்னைக்குப் பேசுமா டீச்சரே?

நாடு சுதந்திரம் அடைந்து ஆறேழு வருடங்கள் இருக்கும். எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. புதுக்கடைக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. கரண்ட் கிடையாது, பாதிக் கட்டிடம் ஓலைக் கூரை. அந்தப் பள்ளிக்குத்தான் ஒரு நாள் ரேடியோ வந்து இறங்கியது. மலேயாவில் வேலை பார்த்து ஊர் திரும்பிய பழைய மாணவர் ஒருவர், பாட்டரியில் ஓடும் அந்தப் பெட்டியைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் திருச்சியிலிருந்து பிள்ளைகளுக்காகப் பாடமும் கதையும் வரும். அதைப் போட்டுக் கேட்கவைக்கும் பொறுப்பைத் தலைமை ஆசிரியர் என் தலையில் கட்டினார்.

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சிவப்பு வயர், கறுப்பு வயர், ஆசிட் என்று அவர் சொல்லச் சொல்ல ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஆனால் பெரிய காரணம் வேறு. கிழக்கே கோட்டாற்றில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்தபோது, நான் வாயைத் திறந்தாலே கூடத் தங்கியிருந்த பெண்கள் சிரிப்பார்கள். எங்கள் மேற்குப் பக்கத்துப் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும், இழுவையும் இருக்கும். "நீ பேசுதியா, பாட்டுப் படிக்கியா?" என்று கேட்பார்கள். ரேடியோவில் பேசுகிறவர்களின் தமிழோ சலவை செய்து மடித்து வைத்த துணி மாதிரி இருக்கும். அதைக் கேட்டுவிட்டால் என் வகுப்புப் பிள்ளைகளும் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? பெட்டியைப் பழைய மேசை விரிப்பில் பொதிந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கேட்டவர்களிடம் கேடாகிவிட்டது என்று சொன்னேன். தலைமை ஆசிரியர் ஓய்வு பெறப் போகிற மனிதர், அவரும் தோண்டித் துருவவில்லை.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பெரியம்மையில் ஒரு கண் முழுதாகப் போய், மறு கண்ணில் நிழல் மட்டும் தெரியும். கரும்பலகை அவளுக்கு இல்லாத பொருள். ஆனால் காதில் ஒரு தடவை விழுந்தால் போதும், பாடத்தை அப்படியே ஒப்பிப்பாள். நடுவில் நான் எங்கே இருமினேன் என்றுகூடச் சொல்வாள், அப்படிப்பட்ட குறும்புக்காரி.

ரேடியோ வந்த சேதி கேட்டு அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். கூலி வேலை செய்கிறவர். வாசலிலேயே நின்று பேசினார்.

"அந்தப் பெட்டி இருந்தா காதால கேட்டே படிக்கலாம்னு சொல்லியாவ. உள்ளதா டீச்சரே? அப்பிடின்னா எனக்க மவ படிக்கட்டு. இல்லேன்னா ஓணம் கழிஞ்சு கயிறு திரிக்க விட்டிருவேன். எழுத்தே பாக்க ஒக்காம இங்க வந்து இருந்து என்ன செய்ய?"

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவள் தினமும் காலையில் பெஞ்சைத் தடவி உட்கார்ந்ததும், முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்பாள்.

"பெட்டி இன்னைக்குப் பேசுமா டீச்சரே?"

"கேடாயிருக்கு மக்கா. சரியாக்கணும்."

"செரி டீச்சரே."

ஒரு நாள்கூட அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. முன் பெஞ்சில் அவள் இடம் காலி. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன். நான்காம் நாள் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் சொன்னாள், "அவ இனி வரமாட்டா டீச்சரே. கயிறு திரிக்கப் போறா."

அன்று பள்ளி விட்ட பிறகு அலமாரியைத் திறந்தேன். பெட்டியோடு வந்த தாளைப் பார்த்துப் பார்த்து வயரை மாட்டினேன். குமிழைத் திருகினேன். ஒரு சின்ன இரைச்சல்கூட வரவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்த பொய் உண்மையாகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை பாட்டரியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மார்த்தாண்டம் போனேன். சார்ஜ் போடும் கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தன மாசமா இத சும்மா வச்சிருந்திய?"

சொன்னேன்.

"கொன்னு போட்டியளே டீச்சரே. பாட்டரி வேல செய்தா சாவாது. சும்மா இருந்தாத்தான் சாவும்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. அவர் நல்ல மனிதர். வேறு பாட்டரி வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை போனேன். வயர் மாட்டுவது, தண்ணீர் அளவு பார்ப்பது, ஏரியல் கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று எல்லாம் அவரிடமே கற்றுக்கொண்டேன். ஆசிட் பட்டு என் நல்ல சேலை சல்லடையானது. இவ்வளவுதானா விஷயம், இதற்கா பயந்தோம் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

கடைசியில் பெட்டி பேசியது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.

"டீச்சரே, அவிய என்ன சொல்லியாவ? ஒண்ணும் மனசிலாவல்ல."

பெட்டி சொன்ன கதையை என் இழுவைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். அப்போதுதான் அவர்களுக்கு அது கதையானது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அவளைத் தேடிப் போனேன். கதம்பல், அதாவது தேங்காய் மட்டை, அழுகும் நாற்றம் தூரத்திலிருந்தே வந்தது. தென்னந்தோப்பில் ராட்டு சுற்ற, இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு பெண்கள் பின்னோக்கி நடந்து நடந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் அவளும் இருந்தாள். அங்கே நின்ற அவள் அப்பாவிடம் ரேடியோ சரியாகிவிட்டது, பிள்ளையை அனுப்புங்கள் என்று கெஞ்சினேன்.

"இனி வேண்டாம் டீச்சரே. கை பழகிட்டு. இதுல பின்னாலதானே நடக்கணும், கண்ணு என்னத்துக்கு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. என் குரல் கேட்டு அவள் நின்றாள். விரல்கள் வெடித்துச் சிவந்திருந்தன.

"பெட்டிக்க கேடு மாறிச்சா டீச்சரே?"

"அப்ப கேடே இல்ல மக்கா. நான்தான் பூட்டி வச்சேன். எனக்குப் பயம்."

அவள் இடுப்பு நாரை விரலால் தடவிப் பார்த்தாள். ராட்டுக்காரி அதட்டினாள். மறுபடியும் பின்னால் நடக்கத் தொடங்கினாள். என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தாலும் முகம் என் பக்கமே இருந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

ஓய்வு பெறும்வரை எந்தப் பள்ளிக்கு மாற்றிப் போட்டாலும் ரேடியோ பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் காலத்துப் பெட்டி குமிழைத் திருகியதும் பேசிவிடாது, உள்ளே சூடேற ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடம் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் காத்திருப்பார்கள். எனக்கு மட்டும் முன் பெஞ்சிலிருந்து அவள் அந்தக் கேள்வியைக் கேட்பது காதில் விழும். அவளிடம் நான் உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அது அவளுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய நாளில் சொல்லவில்லை என்பதற்காக இந்த வயதிலும் என்னை நானே மன்னிக்க முடியவில்லை.