அருளானந்தம் காட்டுக்குப் புறப்பட்ட எட்டு வருடங்கள்

மனித முகங்கள் தனக்கு அலுத்துவிட்டன என்று அருளானந்தம் முதன்முதலில் அறிவித்தது ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே.

"எல்லா மூஞ்சியும் ஒண்ணுதாங்க. காடு, மலை, பனி, அதான் படம்" என்றார். அந்தப் படத்தில் மாப்பிள்ளை முறைத்தபடியே நிற்கிறார்.

மிஷன் வீதியில் 'சொலேய் ஸ்டூடியோ' என்று பலகை மாட்டியிருந்தவர் அவர். சொலேய் என்றால் பிரெஞ்சில் சூரியன். பலகையைப் பார்த்துவிட்டு யாராவது அர்த்தம் கேட்டால் அன்று அவருக்கு நல்ல நாள். அவர் மனைவி ஸ்டெல்லாமேரி உள்ளே இருட்டறையில் படங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருப்பாள். அர்த்தம் சொல்ல அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

ஐம்பத்துநாலு நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்தார்கள். எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகள் போயின. அதுவரை கேமராவோடு கண்டமங்கலத்தைத் தாண்டுவதென்றால் ஆயிரம் கேள்வி. இனிமேல் ஒரு கேள்வியும் இல்லை. ஆகவே அருளானந்தம் காரிலேயே முதுமலை போவார், அங்கிருந்து பந்திப்பூர், பிறகு இறங்கித் தேக்கடி. ஒரு மாதம். நூறு இயற்கைக் காட்சிகள். ஒன்றில்கூட மனிதன் இருக்கக் கூடாது.

தாய்நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சு எஞ்சினீயரிடமிருந்து பழைய பெஜோ கார் வாங்கினார். அதை ஓட்ட அவருக்குத் தெரியாது. கருவடிக்குப்பம் காத்தவராயனை டிரைவராகப் பேசி வைத்தார்.

"எப்ப முசியே கெளம்புறோம்?" என்றான் காத்தவராயன், 'ஐயா' என்பதைப் பிரெஞ்சில்.

"திட்டம் முடியட்டும்."

திட்டம் ஸ்டூடியோ சுவரில் தொடங்கியது. பெரிய வரைபடம் ஒன்றை வாங்கி, படமெடுக்க உட்காரும் இடத்துக்குப் பின்னாலேயே ஒட்டினார். அந்த வருடம் எடுத்த குடும்பப் படங்கள் பலவற்றில் தாத்தாவின் தலைக்குப் பின்னால் நீலகிரி ஜில்லா தெரியும்.

காட்டு பங்களாவில் தங்க அனுமதி கேட்டு வன அதிகாரிக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சில். மூன்று மாதம் கழித்து, விஷயம் என்னவென்று புரியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி பதில் வந்தது.

"படிப்பு பத்தாத ஆளு" என்று கடிதத்தைக் கசக்கிப் போட்டார் அருளானந்தம்.

கான்வென்ட்டில் இங்கிலீஷ் படித்திருந்த ஸ்டெல்லாமேரி அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். இரண்டே வாரத்தில், தேதி குறித்து அனுமதி வந்தது. அந்தத் தேதிகளில் வெளிச்சம் சரியிருக்காது என்று அருளானந்தம் மறுத்துவிட்டார்.

வெளிச்சம் என்பது அவருக்குப் பெரிய ஆயுதம். ஏப்ரல், மே புழுதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் மழை. அக்டோபரிலும் நவம்பரிலும் இந்தப் பக்கம் மழை. டிசம்பரில் கிறிஸ்துமஸ், குடும்பப் படம் எடுக்க ஊரே வரும். ஜனவரியில் பனி, ஆனால் பொங்கல் கூட்டம். பிப்ரவரியில் பெரும்பாலும் தவக்காலம் ஆரம்பித்துவிடும். மார்ச்சில் காட்டுத் தீ. இப்படியே மூன்று வருடம் போனது. கார் வாரம் ஒருமுறை நோணாங்குப்பம் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பும், பாட்டரி செத்துவிடக் கூடாதே என்று.

கடைசியில் கேலி தாங்காமல், ஐம்பத்தெட்டு பிப்ரவரி முதல் வாரத்தில் கிளம்பினார். பங்குச் சாமியார் வந்து கார்மேல் தீர்த்தம் தெளித்தார். பதினோரு சாமான்கள் ஏறின. தெருவில் பாதிப் பேர் மாலையோடு வந்திருந்தார்கள்.

"நீயும் வர்றியா?" என்று ஸ்டெல்லாமேரியைக் கேட்டார், கார் கதவைச் சாத்திக்கொண்டே.

"எடம் எங்க இருக்குது?" என்றாள் அவள்.

விழுப்புரம் தாண்டி ஒரு ரயில் பாலம். அதன் அடியில் ஆற்று மணலில் காலை வெயில் விழுந்த அழகு அருளானந்தத்தைக் கட்டிப்போட்டது. "நிறுத்து!" என்றார். மூன்று கால் ஸ்டாண்டை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். பாலத்தைப் படமெடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. பையைத் திறந்தால் சிவப்புக் குறி போட்ட வரைபடம், பிரெஞ்சில் எழுதிய நாற்பது பக்கக் குறிப்பு. போதாதா?

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரிடம் அவர் விளக்கியதில் பாதி பிரெஞ்சாகவே வந்தது. பயம் வந்தால் அவருக்கு அப்படித்தான்.

"உளவாளியா நீ?"

"ஐயா, இவரு கல்யாணத்துக்குப் போட்டோ புடிக்கிறவருங்க" என்று காத்தவராயன் கும்பிட்டான். "வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"அப்படின்னா புடிச்சிக் காட்டச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டர், அவர் மனைவி, மாமியார், ஐந்து பிள்ளைகள், ஒரு ஆட்டுக்குட்டி. மாமியார் கண்ணை மூடிவிட்டதால் இரண்டாம் முறையும் எடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் பெஜோ மிஷன் வீதிக்குத் திரும்பிவிட்டது.

"இது முன்னோட்டம்" என்று அருளானந்தம் எல்லோரிடமும் சொன்னார். மறுவாரமே புதிய வரைபடம் ஒட்டினார், பாலங்கள் இல்லாத வழியாக. அப்படி ஒரு வழி விழுப்புரம் வரைகூடக் கிடையாது.

அறுபத்தொன்று ஜனவரியில், கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஸ்டெல்லாமேரியின் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் மைசூரில், தம்பி மனைவியின் தாய் வீட்டில். முதலில் தம்பி வீட்டுக்கென்று ஸ்டெல்லாமேரி ஒரு தகரப் பெட்டியோடு ரயிலேறினாள். துணிகளுக்கு நடுவில் ஸ்டூடியோவின் சின்னக் கேமரா.

"கீழ போட்டுறாத. பன்னெண்டு படந்தான் இருக்குது" என்றார் அருளானந்தம். "காட்ட எல்லாம் எடுக்காத. அதுக்கு ஒரு பயிற்சி வேணும்."

கூடலூரிலிருந்து மைசூர் போகும் பஸ் முதுமலை வழியாகத்தான் போகிறது.

அவள் திரும்பி வந்து தானே கழுவியெடுத்த படங்களில் ஒன்று எல்லாரையும் நிறுத்திவிட்டது. காய்ந்த மூங்கில் கூட்டம், அதனுள் பனி, பனியைக் கிழித்து வெளியே வரும் ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி. அருளானந்தம் வெகு நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று ஸ்டெல்லாமேரி பின்னால் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "தரை கொஞ்சம் கோணல்."

மறுநாள் அது பெரிதாக்கப்பட்டு முகப்புக் கண்ணாடிக்குள் நின்றது. கீழே 'அருளானந்தம், சொலேய்' என்றிருந்தது.

"இன்னாங்க இது?" என்றாள்.

"ஸ்டூடியோ பேருதானே போட்டிருக்கன்."

"ஸ்டூடியோ பேரு சொலேய். அருளானந்தம் உங்க பேரு."

அவர் லென்ஸ் துடைக்கத் தொடங்கினார்.

காலண்டர் அச்சடிப்பவர் ஒருவர் அந்தப் படத்தை வாங்கிப் போனார். அறுபத்திரண்டாம் வருடக் காலண்டராக அது ஊர் முழுக்கத் தொங்கியது. புகைப்பட நண்பர்கள் கூடிப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அருளானந்தம் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். மரத்தின் மேல் மூன்று நாள் மறைந்திருந்தாராம். மாலை மங்கும் நேரத்தில் யானையின் மூச்சு தன் மேல் பட்டதாம்.

மகள் வீட்டுக்கு வந்திருந்த தெய்வசிகாமணி, முதுமலைக் காட்டில் வேலை பார்த்து ரிடையரான ரேஞ்சர், எழுந்தார். "ஒரு சந்தேகங்க. அந்த ரோட்டு வளைவு எனக்குத் தெரியும். சாயங்காலம்னா நெழலு கெழக்கால இல்ல விழணும்? படத்துல மேற்கால விழுதே?"

அருளானந்தம் தண்ணீர் குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஸ்டெல்லாமேரி எழுந்து சொன்னாள்: "காலையில ஏழே முக்கால்ங்க. பஸ் பஞ்சராயி நின்னுது. நான் எறங்கி எடுத்தன். மரத்து மேல யாரும் இல்ல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ரேஞ்சர் மட்டும் சிரிக்காமல் அவளிடம் வந்து, குட்டிக்கு எத்தனை மாதம் இருக்கும் என்று விசாரித்தார். மறுநாள் காலையில் முகப்புப் படத்தின் கீழே ஸ்டெல்லாமேரி என்று எழுதியிருந்தது. அழித்து எழுதியது அவள்தான். அவர் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

அந்த ஆகஸ்டில், ஊரை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் முறைப்படி அமலானது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மனுவோடு ஒட்டப் படம் எடுக்க மிஷன் வீதியில் காலையிலேயே வரிசை நின்றது. அருளானந்தத்துக்குச் சாப்பிட நேரமில்லை. அந்த வரிசை இருக்கும்வரை அவர் நகர மாட்டார் என்று கண்ட ஸ்டெல்லாமேரி இருட்டறை வேலைக்குத் தெரிந்தவர் ஒருவரை அமர்த்திவிட்டு, அக்டோபரில் காத்தவராயனை ஓட்டச் சொல்லி, ஊரிலிருந்து வந்திருந்த தம்பி மனைவியையும் ஏற்றிக்கொண்டு பெஜோவில் தேக்கடிக்குப் புறப்பட்டாள். சாமான் இரண்டுதான்.

ஆறாம் நாள் அவளிடமிருந்து கார்டு வந்தது. 'இங்கே ஏரியில் படகு காலை ஏழு மணிக்கு. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, படங்கள் நன்றாக வரும்போல் இருக்கிறது. இன்னும் நான்கு நாள் இருக்கப் போகிறோம்.'

அருளானந்தம் அதை இரண்டு முறை படித்தார்.

"ஏழு மணிக்கு வெளிச்சம் பத்தாதே" என்றார், மனுவுக்குப் படமெடுக்க எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரிடம்.