சடையப்பன் கண்ட ஒளி

செங்கல்பட்டு நில அளவை அலுவலகத்துக்கு நிலப்படம் கேட்டு வருகிற எல்லோருக்கும், அதை வரையும் செங்கமலத்தைத் தெரியும். ஒரு முழ வரப்புக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கத்தினா கல்லு நகராது. படத்த வெச்சிப் பேசலாம் வாங்க" என்பாள். அவ்வளவுதான், இருவரும் அடங்கிவிடுவார்கள்.

அதே செங்கமலம், காலையில் தயிர்சாதத்தைக் கட்டி வைத்துவிட்டு, சனிக் கிரகத்துக்கும் அப்பால் திரியும் ஒரு பனிப்பாறையின் இருப்பிடத்தை அளந்துவிட்டுத்தான் அலுவலகம் கிளம்புகிறாள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அது முழு வால்நட்சத்திரமும் இல்லை, வெறும் பாறையும் இல்லை. சூரியனை ஒரு தடவை சுற்றிவர அதற்கு ஒரு மனுஷ ஆயுசு வேண்டும். வருஷக்கணக்கில் செத்தாற்போல் கிடக்கும். திடீரென்று ஒருநாள் உள்ளிருந்து தூசியும் வாயுவும் பீறிட்டுப் பளிச்சென்று ஒளிரும். சுற்றிலும் பஞ்சு போலப் புகை படரும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் உலகத்தில் எங்கெங்கோ சிலர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் இருவர், செங்கமலமும் கருங்குழியில் வேன் ஓட்டிப் பிழைக்கும் சடையப்பனும்.

ஏதோ ஒரு நாட்டு மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கியை இணையத்தில் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அது எடுக்கும் படம் விடிந்ததும் இருவர் கணினிக்கும் வந்துவிடும். அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று அளப்பது செங்கமலம். பாதையைக் கணக்கிட அது வேண்டும். எவ்வளவு பிரகாசம் என்று பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது சடையப்பன். அவள் கணக்கை அவன் சரிபார்ப்பான், அவன் கணக்கை அவள். பிறகுதான் இரண்டு பேர் பெயரும் போட்டு, அதைக் கவனிக்கும் மற்றவர்கள் எல்லோரும் படிக்கிற பொதுப் பட்டியலுக்கு அனுப்புவார்கள்.

இந்தப் பித்து பிடித்தது ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருஷம். கல்லூரியில் இயற்பியல் வகுப்பையே பஸ்ஸில் ஏற்றி மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். விடியலுக்கு முன் கடலுக்கு மேலே மங்கலாக ஒரு பஞ்சுத் துணுக்கு. "இதுக்கா தூக்கத்தக் கெடுத்தானுங்க!" என்று மற்றவர்கள் டீக்கடைக்கு ஓடிவிட்டார்கள். திருவிடந்தைக் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண்ணும், கருங்குழி விவசாயி மகனும் மட்டும் அலை காலை நனைப்பதுகூடத் தெரியாமல் அண்ணாந்து நின்றார்கள். "எப்ப மறுபடி வரும்?" என்று அவன் கேட்டான். "நாம கெழங்கட்டைங்க ஆனப்புறம்" என்றாள். "அப்ப சேந்தே பாக்கலாம்" என்றான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டா என்பவள் மனைவியாக வாய்த்தாள். தங்கமான பெண். செங்கமலத்துக்குக் கல்யாணம் கூடிவரவே இல்லை. அந்தப் பஞ்சுத் துணுக்கை நினைத்தால் இன்றைக்கும் அவள் பாதத்தில் ஈரம் படும்.

அந்தச் சடையப்பனின் கண்ணைத்தான் சர்க்கரை நோய் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. திங்கட்கிழமை சென்னையில் அறுவை சிகிச்சை. பார்வை தங்கும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவன் குரல் போனில் துள்ளியது.

"கமலம்! பத்திகிச்சு! நம்ம பாறை பத்திகிச்சு! டபுளா வெளிச்சம். சுத்தி பஞ்சு மாறி கீது. அன்னிக்கி மாபலிபுரத்துல பாத்தோமே, அதே பஞ்சு!"

"நான் இன்னும் படத்தத் தொறக்கவே இல்லையேடா..."

"நான் அனுப்பிட்டேன்."

"நான் பாக்கறதுக்கு முன்னாடியா?"

"கோச்சிக்காத. நாளன்னிக்கி கத்தி வெக்கிறாங்க. கண்ணு தெரியிறப்பவே ஒண்ண நானே பாத்துச் சொன்னேன்னு இருக்கட்டுமே."

அவள் படத்தைத் திறந்தாள். பாறை என்றும்போல் ஊசிமுனைப் புள்ளியாக இருந்தது. பஞ்சும் இல்லை, புகையும் இல்லை. அவன் ஒப்பிட்ட நட்சத்திரத்தை மற்ற நட்சத்திரங்களோடு வைத்து அளந்தாள். மங்கியிருந்தது அதுதான். பட்டியலில் தேடினால், அது இரட்டை நட்சத்திரம். அவ்வப்போது ஒன்று மற்றொன்றை மறைக்கும். முழக்கோல் குட்டையானால் துணி நீளமாகத்தானே தெரியும்! இதைச் சடையப்பன் அறியாதவன் இல்லை. மங்கிய கண்ணுக்கு அகப்பட்டது அந்த ஒரு நட்சத்திரம்தான், அதைப் பிடித்துக்கொண்டான்.

அப்படியானால் அவன் பார்த்த பஞ்சு?

அது வானத்தில் இல்லை என்று புரிந்தபோது செங்கமலம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். பார்வை போனாலும், கடைசியாகக் கண்டது இது என்று அவன் ஆயுசு முழுக்க மகிழ்ந்திருப்பான். ஆனால் அவன் சொல்லை நம்பி எத்தனை பேர் தொலைநோக்கியைத் திருப்பியிருப்பார்கள்! அவர்களில் எவனாவது இதைச் சொல்லாமல் விடுவானா?

ஞாயிற்றுக்கிழமை, வேனை ஓட்ட வேறு ஆள் வைத்து, கடலோரச் சாலையில் சென்னைக்குப் போகும் வழியில் சதுரங்கப்பட்டினத்தில் நிறுத்தி அவளை வரச் சொல்லியிருந்தான். டச்சுக் கோட்டைச் சுவர் நிழலில் வேண்டா அவன் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அக்கா, நீயே இன்னான்னு கேளு. நேத்துலருந்து சோறு தண்ணி இல்ல. போன் நம்பர் கீற அத்தினி பேருக்கும் சொல்லிகினு கீறாரு. எம்பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இந்தக் குஷி இல்ல."

"அவ கெடக்கா. நீ ஏன் கமலம் கம்முனு கீற? எம்பேரு மட்டும் வந்துட்ச்சேன்னு வயித்தெரிச்சலா?" என்று சிரித்தான்.

"சடையா, அது பத்திக்கலடா."

"இன்னா?"

"நீ வெச்ச நட்சத்திரம் மங்கியிருக்கு. அது ஜோடி நட்சத்திரம். பாறை எப்பவும்போலத்தான் இருக்கு."

சடையப்பன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "தப்பா அளந்துட்டேன், சரி. அந்தப் பஞ்சு? அத என் கண்ணால பாத்தேனே!"

அவன் கடலைப் பார்த்தான். கோட்டைச் சுவரைப் பார்த்தான். பிறகு அவளை வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"உம் மூஞ்ச சுத்திகூட பஞ்சு கீது கமலம்" என்றான்.

வேண்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் சொன்ன?" சட்டென்று அவன் குரல் வெடித்தது. "ஒரு நாளு பொறுக்கக் கூடாதா? ஆபரேசன் முடிஞ்சி சொன்னா இன்னா கொறஞ்சி போயிடும்?"

"நாளைக்கு முகம் தெரியாத எவனோ சொல்லுவான். நீ கண்ணக் கட்டிண்டு படுத்திருக்கறச்சே உன்ன நாலு பேர் கேலி பண்ணுவா. அதுக்கு நான் விடமாட்டேன். திட்டணும்னா என்னத் திட்டு."

கடற்காற்று மணலை வாரி இறைத்தது. அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தான்.

"போன எடு. எழுது. சொன்னது தப்பு, வாபஸ் வாங்கிக்கிறேன்னு போடு. எந்த நட்சத்திரம், இன்னா ஏதுன்னு வெவரமா எழுது. அவனுங்க அலைய வேணாம்."

அவள் தட்டச்சு செய்தாள். எழுத்துகள் கண்ணீரில் நீந்தின.

"கீழ எம்பேர மட்டும் போடு" என்றான். "தப்பு என்னுது. உம்பேரு இதுல வரக்கூடாது."

செங்கமலம் அவன் பெயரை அடித்தாள். அதன் பக்கத்திலேயே தன் பெயரையும் அடித்தாள். பட்டா வரைபடத்தில் ஒரு கோடு பிசகப் பொறுக்காத கை அது.

"போட்டியா?"

"போட்டாச்சு."

"எம்பேரு மட்டும்தான?"

"ஆமாண்டா."

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த வேண்டா இரண்டு பெயரையும் படித்தாள். ஒரு கணம் செங்கமலத்தின் கண்ணைப் பார்த்தாள்.

"அனுப்பு அக்கா" என்றாள்.