நீதிபதியின் மனைவி கை தூக்காத ஞாயிறு

சுவிட்சர்லாந்தில் எங்கள் மலை ஊரான அப்பன்ஸெல்லில் ரகசிய ஓட்டு என்பது கிடையாது. ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் கயிறு கட்டி வளையம் போடுவார்கள். ஆண்கள் இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு விஷயத்துக்கும் கை தூக்குவார்கள். வாள்தான் அனுமதிச் சீட்டு. அப்பா போனால் மகனுக்கு வரும். அதைக் கட்டிக்கொண்டு வருகிறவன் குடித்திருந்தாலும் காவலுக்கு நிற்பவர் வழிவிடுவார். பெண்கள் நாங்கள் கயிற்றுக்கு வெளியே நிற்போம், இல்லாவிட்டால் ஜன்னல்களில் நிற்போம். யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு பெண்டாட்டியிடம் இதைப் பற்றிப் பொய் சொல்கிறவனை என்னவென்று சொல்வது?

இக்னாஸ் மன்சர் அப்படி ஒரு பொய் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடுவேன்.

நான் சொல்லவந்தது அவர் மனைவி ஒட்டிலியாவைப் பற்றி, எங்களுக்கு ஒட்டிலி. சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் விடுதியில் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தோம். எனக்குச் சமையலறை, அவளுக்கு மாடி அறைகளும் துவைத்த துணிகளும். மலைமேல் ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு வேலைக்கு வந்தாள், கல்யாணமாகியும் வேலையை விடவில்லை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். "ஓட்டு வந்தா யாருக்குடி போடுவ?" என்று கசாப்புக்கடை நடத்தும் ப்ரோகர் என்பவர் ஒருநாள் சீண்டினார். "யாருக்குப் போடுவேனோ தெரியாது, உன் தராசுக்கு எதிரா போடுவேன்" என்றாள். கடையில் நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மட்டும் ப்ரோகர் எலும்பு இல்லாமல் நிறுத்துக் கொடுத்தார்.

நாட்டுத் தேர்தலில் எங்களுக்கு ஓட்டு எப்போதோ வந்துவிட்டது. சுவிட்சர்லாந்து பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பலாம், ஆனால் எங்கள் தெருவுக்குத் தார் போடலாமா வேண்டாமா என்று சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வாள் வேண்டும். சொந்தக்காரர்கள் பக்கத்து நகரமான சாங்க்ட் காலனிலிருந்து வந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். வேறு என்ன செய்ய?

இக்னாஸ் மாடு வளர்ப்பவர்தான், ஆனால் நீதிபதியும்கூட. எங்கள் பக்கத்தில் நீதிபதியாக வக்கீலுக்குப் படிக்க வேண்டியதில்லை, நாணயமான ஆள் என்று ஊர் நினைத்தால் போதும். வருஷா வருஷம் வளையத்தில் பெயரை வாசிப்பார்கள், கை தூக்குவார்கள், பதவி தொடரும். அன்றைக்கு நீதிபதிகள் கறுப்பு அங்கி போட்டு மேடைமேல் வரிசையாக நிற்பார்கள். ஒட்டிலிக்கு அதில் பெருமை உண்டு. அவர் வாளை முந்தின நாள் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைப்பது அவள்தான்.

வழக்குகளை அவர் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவருவார். ஒருமுறை ஒரு விதவை வந்திருந்தாள். அவள் ஊற்றுக்குப் போகும் வழி பக்கத்துக்காரன் புல்வெளி வழியாகப் போகிறது. அவன் வேலி போட்டுவிட்டான்.

"பத்திரத்துல பாதையே இல்ல ஒட்டிலி. பத்திரத்துல இல்லாதது இல்லதான்" என்றார் இக்னாஸ்.

"அந்தம்மாவுக்குத் தாகம் எடுக்கறது மட்டும் எந்தப் பத்திரத்துல இருக்காம்?"

அவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அந்த விதவைக்குப் பாதை கிடைத்தது. ஒட்டிலி கேட்ட கேள்வியை அவரே சந்தையில் பத்துப் பேரிடம் சொல்லிப் பூரித்துக்கொண்டு திரிந்தார். நான் சொன்னேன் இல்லையா, கெட்டவர் இல்லை.

ஆனால் பெண்கள் ஓட்டு என்று பேச்சு வந்தால் மனுஷன் வேறு மாதிரி ஆகிவிடுவார். "உரிமைங்கறது ஊர் பாத்துக் குடுக்கறது. ஊர் குடுத்தாத்தான் நிக்கும்" என்பார்.

"நீ பொறந்தப்ப ஊர் கூடிக் கை தூக்கியா உனக்குக் குடுத்தாங்க?"

"எங்கப்பா வாளக் குடுத்தாரு."

"அது துருப்பிடிக்காம இருக்கறது யாராலன்னும் சொல்லு."

இப்படியே வருஷங்கள் ஓடின. ஊர் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் வருஷம் அந்தக் கேள்வி மறுபடியும் வளையத்துக்கு வந்தது. சுற்றியிருந்த எல்லா ஊர்களிலும் பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டிருந்தது. நாங்கள் மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை துணி அறைக்கு நான் காப்பி கொண்டுபோனபோது ஒட்டிலியின் முகம் மலர்ந்திருந்தது.

"சென்சி, இந்தத் தடவை தூக்கறேன்னு சொல்லிட்டாரு. கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டாரு."

"ஒரு கை தூக்கினா ஆயிடுமா?"

"ஆகாது. ஆகலேன்னாப் போகட்டும். எனக்கு அந்த ஒரு கை போதும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஊர் முழுவதும் வேண்டாம் என்றாலும், கூட வாழ்கிறவர் ஆமாம், இது உன்னுடையதுதான் என்று நாலு பேர் பார்க்க ஒத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் நடக்கும் நேரத்தில் விடுதியில் வேலை தலைக்குமேல் இருக்கும். கலைந்ததும் ஊர் ஆண்கள் எல்லோரும் சாசேஜுக்கு வந்து விழுவார்கள். அதனால் ஒட்டிலி பின்கட்டில்தான் இருப்பாள் என்று இக்னாஸ் நினைத்திருக்கிறார். ஆனால் அந்த வருஷம் சூரிச்சிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு வந்து இரண்டாம் மாடி ஜன்னல்களைப் பிடித்துக்கொண்டு காப்பி, காப்பி என்று நச்சரித்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மேலே போனோம். போன நேரத்தில் கீழே ஊர்த்தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார், சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று.

கைகள் எழுந்தன. குறைச்சல் என்று சொல்ல முடியாது. நாங்கள் மேடையைத்தான் பார்த்தோம். இக்னாஸின் கை அங்கிக்குள் இருந்தது.

பிறகு, வேண்டாம் என்பவர்கள்.

அவர் கை மேலே போனது. நேராக, நன்றாக, யாரும் தப்பாக எண்ணிவிடக் கூடாது என்பதுபோலப் போனது. 

நானாக இருந்தால் அந்தக் காப்பித் தட்டை அப்படியே சதுக்கத்தில் வீசியிருப்பேன். ஒட்டிலி சூரிச்காரர்களுக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள். காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு கீழே வந்தாள். ஒன்றுகூட உடையவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அவர், "என்ன பண்றது ஒட்டிலி, ஊர் வேண்டாங்குது" என்றாராம். இவள் சூப்பை ஊற்றினாளாம்.

அதற்குப் பிறகு அவள் வாயே போய்விட்டது. கோபமாகவாவது இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருப்பேன். ஒன்றும் இல்லை. வேலை செய்தாள், சாப்பிட்டாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். ப்ரோகர் சீண்டினால் "சரி" என்றாள். அந்த மனுஷனே பயந்துபோய் ஒட்டிலிக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் வந்து கேட்டார்.

எங்களில் சிலர் லொசானில் இருக்கும், நாட்டிலேயே பெரிய கோர்ட்டுக்குப் போனோம். ஒட்டிலி வரவில்லை.

"என்னடி, உனக்கு வேண்டாமா?" என்று சத்தம் போட்டேன்.

"வேணும்னும் தோணல, வேண்டாம்னும் தோணல சென்சி. பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கள்ல, அந்த மாதிரி இருக்கு."

"எப்ப தெளியும்?"

"தெரியல. நாக்கக் கடிச்சுக்காம இருந்தாச் சரி."

நவம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. புதிதாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை, உங்கள் சட்டத்தைச் சரியாகப் படித்தால் பெண்களும் அதில் இருக்கிறார்கள் என்று அந்த நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நான் மூச்சிரைக்க மாடிக்கு ஓடினேன். ஒட்டிலி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பவுமே இருந்துச்சாம்டி! நமக்கு எப்பவுமே இருந்துச்சாம்!"

அவள் தலையணையைத் தட்டிப் படுக்கையில் வைத்தாள். "அப்படியா? இத்தனை நாளா எங்க வெச்சிருந்தாங்களாம்?" என்று கேட்டாள்.

அன்றைக்கு இக்னாஸ் வீட்டில் குதித்திருக்கிறார். "நம்ம ஊரு விஷயத்துல தலையிட அவனுங்க யாரு? நானும் நீதிபதிதான்! ஊர் குடுக்காத ஒண்ண லொசான்ல உக்காந்துகிட்டுக் குடுத்துட முடியுமா?"

"குடுக்கலியாம். இருந்ததாம்" என்றிருக்கிறாள் ஒட்டிலி. பிறகு, மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று கேட்கும் அதே குரலில், "ஏப்ரல்ல நான் மாடியில இருந்தேன் இக்னாஸ். பாத்தேன்."

அவர் உட்கார்ந்துவிட்டாராம். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாரும் தூக்கிட்டானுங்க. நான் மட்டும் சும்மா நின்னா ஊர் என்ன நினைக்கும்? கை தானாப் போயிடுச்சு ஒட்டிலி" என்றாராம்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாளாம்.

ஏப்ரல் வந்தது. எங்களுக்கு வாள் இல்லையே, ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். சனிக்கிழமை ஒட்டிலி வழக்கம்போல வாளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் இன்னும் துடைக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, கூட்டத்துக்கு முந்தின நாள் என்றால் கை அதைத் தேடுகிறது என்றாள். இக்னாஸ் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். ஊர் முழுவதும் வணக்கம் சொல்லும் மனுஷன், நாற்பது பேர் வழக்கைத் தீர்த்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"நாளைக்கு என் பேரு வாசிப்பாங்க. தூக்குவல்ல?"

"வாளப் பிடி. எண்ணெய் சட்டையில படப்போகுது."

அவருக்குக் கவலை ஜெயிப்பதைப் பற்றி இல்லை. எப்படியும் ஜெயிப்பார். மேடைமேல் நிற்கும்போது சொந்த மனைவியின் கை கீழேயே இருந்தால் அந்த ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? அதுதான்.

ஞாயிறு காலை மணியடித்தது, வாத்தியம் முழங்கியது, நாங்கள் அட்டையைக் காட்டிக் கயிற்றுக்குள் போனோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. மூக்கைச் சிந்திச் சிந்திக் கைக்குட்டையே நனைந்துபோயிற்று. ஒட்டிலி என் பக்கத்தில் தபால் ஆபீஸ் வரிசையில் நிற்பதுபோல் நின்றாள்.

"ஏதாவது தோணுதாடி?" என்றேன்.

"குளுருது."

பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கை தூக்கினேன், யாருக்கென்றே பார்க்காமல் தூக்கினேன். ஒட்டிலியும் தூக்கினாள், இறக்கினாள். பிறகு வந்தது, "நீதிபதி இக்னாஸ் மன்சர்."

சுற்றிலும் கைகள் எழுந்தன. என் கையும் பாதி எழுந்தது. பக்கத்தில் பார்த்தேன். அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு மேடையைப் பார்த்தபடி நின்றாள். என் கையை இறக்கிக்கொண்டேன்.

முன்னால் நின்ற ப்ரோகர் திரும்பினார். "ஏய் ஒட்டிலி, உன் வீட்டுக்காரரு பேருதான் வாசிக்கறாங்க!"

"காது கேக்குது."

இன்னும் சிலர் திரும்பினார்கள். மேடையில் இக்னாஸ் அவளைப் பார்த்துவிட்டார். அத்தனை கைகளுக்கு நடுவில் கை இல்லாத இடம் நன்றாகத் தெரியும்போலிருக்கிறது. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. வேறு யார் பெயரையாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டார். யாரும் சொல்லவில்லை. ஒட்டிலியும் சொல்லவில்லை. அவர் நீதிபதியாகத் தொடர்ந்தார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். கட்டிப்பிடித்து, போட்டாய் பார் ஒரு போடு என்று கத்தலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

மீதியை மறுநாள் துணி அறையில்தான் சொன்னாள். வீட்டுக்குப் போய் பாலாடைக்கட்டி மக்ரோனி செய்திருக்கிறாள், கூட ஆப்பிள் மசியல். அவர் அங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"உன் கை இல்லாமலேயே ஜெயிச்சுட்டேன்" என்றாராம்.

"தெரியும். போன வருஷம் உன் கை இல்லேன்னாலும் நாங்க தோத்திருப்போம். ஆனாலும் நீ தூக்கின."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்திருக்கிறார். "சரி. பழிக்குப் பழி ஆயிடுச்சு. இப்ப நேராயிடுச்சுல்ல?" என்றாராம். குரல் கெஞ்சலாக இருந்ததாம்.

"எங்க நேராச்சு இக்னாஸ்? உன் பதவி உன்கிட்டயேதான் இருக்கு. நான் எதையும் எடுத்துக்கலியே."

இதைச் சொல்லிவிட்டு ஒட்டிலி பேச்சை நிறுத்தினாள். அவர் அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். தட்டைக் காலி செய்தார் என்றாள். உனக்கு எப்படி இருந்தது, கொஞ்சமாவது ஆறியதா என்று கேட்டேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"இல்ல" என்றாள். பிறகு ஒரு விரிப்பை உதறி அதன் மறுமுனையை என்னிடம் நீட்டினாள், மடிக்க இரண்டு பேர் வேண்டும்.