திங்கட்கிழமை எடுக்க வேண்டிய வரி

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் ரீஸ்டார்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வார்டிலிருந்து போன் வந்தாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கம்ப்யூட்டர் பிரிவு என்று வாசலில் பலகை இருக்கிறதே தவிர, அந்தப் பிரிவே அவர் ஒருவர்தான். ஆவணப் பிரிவில் நான் ஒருத்தி. இரண்டு பிரிவுக்கும் ஒரே அறை, நடுவில் ஒரு பீரோ. பதினோரு வருஷமாக அந்த மனிதரை நான் பீரோவுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் சோம்பேறி இல்லை, அலுத்துப்போனவர். காலையில் பையைக் கீழே வைப்பதற்குள் போன் அடிக்கும். பிரிண்டரில் பேப்பர் சிக்கிவிட்டது, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, ஸ்கேன் அறையில் மவுஸ் நகரமாட்டேன் என்கிறது. மதியச் சாப்பாட்டு டப்பாவை மூன்று மணிக்குத் திறப்பார். சாயங்காலம் வீட்டிலிருந்து கூப்பிட்டால் "இதோ, பத்து நிமிஷம்" என்பார். ஒரு நாள் அந்தப் போனை நான் எடுத்தேன். "ஆஸ்பத்திரிக் கடிகாரம் எல்லாத்தையும் சரிபண்றாராம் அக்கா, வீட்டுக்கு வர்ற நேரத்தை மட்டும் யாராலயும் சரிபண்ண முடியல" என்றார் அவர் மனைவி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் மூன்றாவது மாடி நர்ஸை சஸ்பெண்ட் செய்தார்கள். விஷயம் இதுதான். டாக்டர் மருந்து எழுதுவது ஒரு சர்வரில் பதிவாகும். நர்ஸ் அதைக் கொடுத்ததும் பதிவது இன்னொரு சர்வரில். இரண்டாவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுவது, ரீஸ்டார்ட்டின் பொறுப்பு. நேரத்தை நர்ஸ் எழுத முடியாது, சர்வரே போட்டுக்கொள்ளும். ஒரே மாதத்தில் மூன்று தடவை, டாக்டர் எழுதுவதற்கு முன்னாலேயே இந்த நர்ஸ் ஊசி போட்டதாகப் பதிவாகியிருந்தது. முதலில் ஒரு நிமிடம் முன்னால், அப்புறம் ஐந்து, கடைசியில் பன்னிரண்டு. "நாளுக்கு நாள் துணிச்சல் ஏறுது பாருங்க" என்றாராம் விசாரணைக் குழுவில் ஒருவர். குற்றம் உறுதியானால் வேலை போவதோடு நிற்காது. நர்ஸ் பதிவே ரத்தாகிவிடும், அதன்பிறகு எந்த ஊரிலும் அவர் ஊசியைத் தொட முடியாது.

சர்வரின் நேரம் சரிதானா என்று குழு கேட்டது. ரீஸ்டார்ட் பத்தரை மணிக்கு டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். நேர மண்டலம், அதாவது எந்த இடத்து நேரத்தைக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு, சரியாக இருந்தது. அது தவறினால் மணிக்கணக்கில் தவறும், இப்படி நிமிஷக் கணக்கில் தவறாது. கைபேசியை வைத்து ஒப்பிட்டார், ஒரு நொடி கூடப் பிசகவில்லை. "நேர அமைப்பு சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் நர்ஸை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கடைசி விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த நர்ஸ் எங்கள் அறைக்கு வந்தார். யூனிபாரம் இல்லாமல் பார்க்க யாரோ போல் இருந்தார். கையடக்க நோட்டு ஒன்றை ரீஸ்டார்ட்டின் மேசையில் வைத்தார்.

"அண்ணா, ஊசி போட்ட கையோட வாட்ச்சைப் பாத்து இதுல எழுதிடுவேன். அப்பவே கம்ப்யூட்டர்லயும் போட்டுடுவேன். பாருங்க, ஒன்பது அஞ்சுன்னு எழுதியிருக்கேன். உங்க கம்ப்யூட்டர் எட்டு நாப்பத்தெட்டுங்குது."

"நான் பாத்துட்டேனே சிஸ்டர். மணி சரியாத்தான் இருக்கு" என்றார் இவர், கண்ணைத் தேய்த்துக்கொண்டே.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அந்தப் பெண் நோட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நீங்க எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"பத்தரைக்கு."

"ஊசி போட்டது ஒன்பது மணிக்கு. நீங்க டீயெல்லாம் குடிச்சு முடிச்சு ஆற அமரப் பத்தரைக்குப் பாத்தா என்ன தெரியும்?"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது, எடுக்கவில்லை. நானும் பின்னால் போய் நின்றேன். எட்டு ஐம்பத்தொன்பது, நொடிகள் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. ஒன்பது ஆனது. அடுத்த கணம் எட்டு நாற்பது!

"அட ஆண்டவனே" என்றேன். பன்னிரண்டு நிமிடம் அந்தத் தப்பான நேரமே ஓடியது. பிறகு யாரும் தொடாமலே சரியான நேரத்துக்குத் தாவியது.

அந்த சர்வருக்குள் நேரத்தைச் சரிசெய்கிறவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒன்று, வெளியே இருக்கும் நம்பகமான கடிகாரத்தைக் கேட்டு அவ்வப்போது சரிசெய்யும் சேவை. இன்னொன்று, தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில் ஒளிந்திருந்த ஒற்றை வரி. மணிக்கு ஒரு முறை, கீழ்த்தளத்தில் கிடக்கும் பழைய கணினியிடம் நேரத்தைக் கேட்டு அதையே வாங்கி வைத்துவிடும். ஆறு வருஷம் அந்தக் கணினியும் சரியான நேரத்தைத்தான் சொன்னது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் அதன் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குள் போகும் கேபிள் மட்டும் அப்படியே இருந்தது. வெளித்தொடர்பு போனதும் அது நாளொன்றுக்கு அரை நிமிடம் பின்தங்க ஆரம்பித்தது. ஒன்று, ஐந்து, பன்னிரண்டு என்று ஏறியது இந்தக் கடிகாரத்தின் சோம்பல்தான், நர்ஸின் துணிச்சல் இல்லை.

மற்ற நர்ஸுகள் ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். அவர் மருந்துப் பதிவுகளின் பட்டியலைக் காட்டினார். எல்லோரும் ஷிப்ட் முடிகிற நேரத்தில் மொத்தமாக உட்கார்ந்து பதிகிறார்கள். பிந்திப் பதிந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. படுக்கையருகில் நின்று, ஒன்பது மணியடித்த ஐந்தாவது நிமிடம் ஒழுங்காகப் பதிந்தவர் இந்த ஒருவர்தான். ஒழுங்காக இருந்ததற்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்.

"அந்த வரியை எழுதின புண்ணியவான் யாரு?" என்றேன்.

அவர் திரையில் விரலை வைத்தார். வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது: "தற்காலிகம். திங்கட்கிழமை எடுத்துவிடவும்." கீழே ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியும் அவருடைய முதலெழுத்தும் இருந்தன.

"புது சேவை சரியா வேலை செய்யுமான்னு பயம். ரெண்டு நாளைக்குத் துணையா இருக்கட்டும்னு போட்டேன்."

"திங்கட்கிழமை என்ன ஆச்சு?"

"ஞாபகம் இல்லக்கா. எங்கயாவது பிரிண்டர் மக்கர் பண்ணியிருக்கும்."

சூப்பரிண்டெண்டிடம் போய்ச் சொன்னார். "மெஷின் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போப்பா, எதுக்கு வம்பு?" என்றார் அவர்.

"கோளாறுன்னு மட்டும் எழுதினா, அந்த மூணு நாளும் அப்படித்தான் இருந்துச்சான்னு கேப்பாங்க சார். சிஸ்டர் மேல சந்தேகம் அப்படியே நிக்கும்."

ரீஸ்டார்ட் சொல்லச் சொல்ல அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். மூன்று நாட்களிலும் நேரம் பின்னால் குதித்ததை சர்வரே எழுதி வைத்திருந்தது, அதையெல்லாம் இணைத்தார். "இந்த வரி ஆறு வருடங்களுக்கு முன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். யார் எழுதியது என்று போடாமல் விட்டுவிடலாமா என்று நானே கேட்டேன். அவர் மேல் பரிதாபம், வேறென்ன.

"வேண்டாம்க்கா. என் பேரைப் போடுங்க, முழுப் பேரையும். பத்தரை மணிக்கு ஒரே ஒரு தடவை பாத்துட்டு சரின்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்னு சேத்துக்கோங்க."

நர்ஸை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அவர் வந்து தன் நோட்டை எடுத்துக்கொண்டார். "தேங்க்ஸ்ணா" என்றார், உட்காரவில்லை. ரீஸ்டார்ட்டுக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அந்த வரியை எடுத்தார். பழைய கணினியை அணைத்து, மறுபடி யாரும் போடாதபடி ஒயரைச் சுருட்டி என் பீரோவில் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து, மணி ஒழுங்காக ஓடுகிறதா என்று பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அக்கா, இங்க வாங்களேன்" என்றார். மூன்றாவது மாடி, அதே நர்ஸ். ஷிப்ட் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது பதினெட்டு ஊசிகளையும் வரிசையாக, ஒரே மூச்சில் பதிந்திருந்தார். அதற்கு முந்தைய நாளும் அப்படியே. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்தே அப்படித்தான்.

"மணி சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டேன், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"மணி நொடி பிசகாம இருக்குக்கா" என்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "இதை எந்த வரியை எடுத்து சரிபண்றதுன்னுதான் தெரியல."