முதுகைக் காட்டிப் போகும் படகு

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல்பட்டு ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். கேளம்பாக்கம் உப்பளத்தில் காலெல்லாம் வெடித்தது. அதற்கப்புறம் முட்டுக்காட்டில், சென்னையிலிருந்து துடுப்புப் பயிற்சிக்கு வந்திருந்த குழுவின் படகைத் துடைத்துக் காவல் பார்க்கும் வேலை கிடைத்தது. கொழும்பில் நாலு நாட்டுக் குழுக்கள் மோதும் போட்டி. அவர்கள் கப்பலேற மூன்று வாரம் இருந்தது.

நாலு துடுப்புக்காரர்களில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. குழுத் தலைவர் என் தோளைப் பார்த்துவிட்டு, "நீ உட்காரு. கடைசிப் பயிற்சி ஓட்டம் வரைக்கும் ஒழுங்கா இழுத்தா உன்னையே கூட்டிப்போறேன்" என்றார். கப்பலைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன், ஏறியதில்லை.

இழுப்பது கஷ்டமில்லை. அந்தப் படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். முன்னால் பார்ப்பவர் சுக்கான் பிடிப்பவர் மட்டும்தான். வாய் திறப்பதும் அவர்தான். நான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கட்டுமரத்தில் வளர்ந்தவன். வருகிற அலையைப் பார்க்காமல் துடுப்புப் போட்டவன் எங்கள் குப்பத்தில் கரை சேர்ந்ததில்லை. பத்து இழுப்புக்கு ஒருமுறை என் கழுத்து தானாகத் திரும்பும். உடனே படகு சாயும்.

இடுப்பளவு தண்ணீரில் இறால் வலை வீசுகிற ஒருவன், என் வயசுக்காரன், தினமும் கேட்பான்.

"இன்னா மச்சான், கொழும்புக்கு முதுகைக் காட்டிக்கினே போவப் போறியா? ஊரு வந்தா யாரு சொல்லுவா?"

"சுக்கான்காரரு சொல்லுவாரு."

"அவரு தூங்கிட்டா?"

கழுத்தில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பழகினேன். இரண்டு வாரத்தில் கழுத்து அடங்கியது. அதுவரை எந்த வேலையிலும் இன்னொருவர் கண்ணை நம்பி நான் இருந்ததில்லை. அது சுகமாகக்கூட இருந்தது.

கடைசி ஓட்டத்துக்கு முந்தின நாள் முகத்துவாரத்து மணல் அடைப்பு உடைந்து, தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது. மறுநாள் ஓட்டத்தில், பாதி தூரத்தில் துடுப்பின் சத்தம் மாறியது. அடியில் மணல் ஏறினால் தண்ணீர் அப்படித்தான் சத்தம் போடும். சுக்கான்காரர் பட்டணத்து ஆள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்து இழுப்பு பொறுத்தேன். பிறகு திரும்பினேன். நேரே மணல் திட்டு. கத்தினேன். அவர் சுக்கானைத் திருப்ப, படகு சாய்ந்து, பாதி தண்ணீர் குடித்து, திட்டை உரசாமல் நின்றது.

தலைவர் தண்ணீரில் இறங்கி வந்து படகின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"படகைக் காப்பாத்திட்ட" என்றார். "ஆனா கொழும்பு ஏரியில மணல் திட்டு கிடையாதுப்பா. அங்க நீ திரும்பினா தோத்துடுவோம்."

அங்கேயும் திரும்பத்தான் செய்வேன் என்று எனக்குத் தெரியும்.

என் இடத்துக்குச் சென்னையிலிருந்து வேறொருவர் வந்தார். புறப்படும் நாளில் படகை லாரி வரைக்கும் தூக்கிப்போனோம். பாதை முழுக்கச் சப்பாத்திக்கள்ளி. முன்முனை என் தோளில் இருந்தது. "பள்ளம்", "முள்ளு" என்று பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.