நெருப்பு சுடாத கால்

எனக்கு நோய் வந்ததை ஊர் முதலில் கொண்டாடியது. சித்திரை மாதம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் நெருப்பின் மேல் நடந்தேன். காலில் சூடே தெரியவில்லை. அது நோயின் அறிகுறி என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

திண்டிவனத்துக்கும் ஓமந்தூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிராமம். ஏரித் தண்ணீரில் கொஞ்சம் நெல், மேட்டில் மல்லாட்டை (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). தொடர்ந்து சில வருஷம் மழை ஏமாற்றியதில் ஏரி மாடு மேயும் இடமாகிவிட்டது. பூத்து நின்ற மல்லாட்டை கண்ணெதிரே கருகியது. ஏரி நிரம்பினால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொள்வதுதான் வழக்கம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. முதலில் மிதித்துவிடுகிறேன், அப்புறம் நீ நிரப்பு என்று அம்மனிடம் சொல்லிவிட்டுக் காப்புக் கட்டிக்கொண்டேன்.

மற்றவர்கள் ஓடினார்கள். நான் களத்துமேட்டில் நடப்பதுபோல் நடந்து போய்ப் பால்குழியில் (தீக்குழியைக் கடந்தவர்கள் இறங்கி நிற்கும் பாலூற்றிய குழி) நின்றேன். கோயில் பூசாரி குனிந்து என் காலைத் தொட்டார்.

"நெருப்ப இவனுக்குப் பூவா மாத்திக் குடுத்துட்டா பாருங்கய்யா" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே என் காலைத் தொட்டது.

என் மனைவி செல்வி மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள். "ஏங்க, நெஜமாவே சுடலியா?"

"சுடல செல்வி."

"எல்லாரும் ஓடறாங்க, நீங்க மட்டும் மெதுவா நடந்துக்கினு வர்றீங்களேன்னு பாத்தேங்க."

அதற்கு முன்பே கால் என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறது. கழனியிலிருந்து வரும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வரை நடந்து வந்திருக்கிறேன். செல்வி சிரித்துக்கொண்டே திரும்பப் போய்த் தேடி எடுத்து வந்தாள். உழுத கால், உரமேறிவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சில நாளில் வலது பாதத்தின் அடியில் ஒரு கொப்புளம் உடைந்து புண்ணானது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் தப்பித்திருப்பேன். தீ மிதித்தவன் காலில் கொப்புளம் வந்தால் விரதத்தில் குற்றம் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் இங்கே யாரும் அந்தப் புண்ணோடு ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. என்னைத் தொட்டுக் கும்பிட்டவர்களிடம் நான் எப்படிப் பாதத்தைத் திருப்பிக் காட்டுவேன்? தீக்குழிச் சாம்பலோடு மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு, கோடை உழவுக்காக எரு கொட்டிய மேட்டுக் கொல்லையில் வெறுங்காலோடு நடந்தேன்.

"எங்கியோ எலி செத்துக் கெடக்குதுங்க" என்று ஒரு நாள் செல்வி அரிசிப்பானை, மூட்டைச் சந்து எல்லாம் தேடினாள். கடைசியில் என் பக்கம் வந்தாள். காலைத் தூக்கிப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே விழுப்புரம் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா இளம் வயசுக்காரர். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "பாதத்துல ஊசியால லேசா குத்துவேன். தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

நான் காத்திருந்தேன். "எப்பங்க குத்துவீங்க?" என்றேன்.

"குத்தி முடிச்சாச்சு. ரெண்டு கால்லயும்."

எனக்குப் பல வருஷமாகச் சர்க்கரை இருந்திருக்கிறது. கேப்பைக் கூழ் குடித்து உழைக்கிறவனுக்கு ஏது சர்க்கரை என்று வாதாடினேன். அவர் பொறுமையாக விளக்கினார். இது நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு கெட்டு, சூடும் வலியும் தெரியாமல் போவது). புண் கேங்க்ரீன் (சதை செத்து அழுகுவது) ஆகிவிட்டது. புண் எப்படி வந்தது என்று கேட்டதற்குத் தீமிதியைச் சொன்னேன். அம்மன் அருளால் சூடே தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் குனிந்து அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். மறுத்துப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

முதலில் விரல்களை எடுத்தார்கள். அழுகல் நிற்காததால் பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பூசாரி சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். கட்டிலில் கால் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு, "வெரதத்துல எங்கியோ குத்தமாயிருக்குது. வூட்டுப் பொம்பளைங்க சுத்தபத்தமா இருந்திருக்கணும்" என்றார். செல்வி துணி பிழிந்துகொண்டிருந்தாள். பிழிவதை நிறுத்தவில்லை.

"சர்க்கரைங்க. நரம்பு செத்துப்போச்சு. அவ இன்னா பண்ணுவா?" என்று கத்தினேன்.

"அதுவும் அவ குடுக்கறதுதாம்பா" என்று மேலே கையைக் காட்டினார்.

நெருப்பு சுடாததற்குக் காரணம் அம்மன், சுட்டதற்குக் காரணம் என் பெண்டாட்டி. அந்த ஆடியில் கோயிலில் கூழ் வார்க்கும்போது ஊரார் செல்வியைப் பானையைத் தொடவிடவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கால் போனதைக்கூட மன்னித்துவிடுவேன், இதை மாட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி கோடி போயிற்று (நிரம்பி வழிந்தது). "உன் கால வாங்கிக்கினு ஏரிய ரொப்பிட்டா" என்று வாசலில் வந்து சொன்னார்கள், நல்ல சேதி சொல்வதுபோல. மிச்சமிருக்கும் காலையும் சேற்றில் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருந்தார். கக்கத்தில் கட்டையை ஊன்றி வரப்பில் நின்றுகொண்டு, என் கழனியை வேடிக்கை பார்த்தேன். செல்வி வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டினாள், மடை திறந்தாள், நடவு நட்டாள். விவசாயிக்கு மனஉறுதி அதிகம் என்று பார்க்க வந்த ஒருவர் சொன்னார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

என்னைப் போலக் கால் மரத்துப்போகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் இஷ்டம். புண்ணை மட்டும் மறைக்காதீர்கள்.

மறு சித்திரையில் தீமிதி வந்தது. நாங்கள் போகவில்லை. அந்தி நேரத்தில் உடுக்கைச் சத்தம் கேட்டபோது வலது பாதம் எரிய ஆரம்பித்தது. விரல், குதிகால் எல்லாம் தனித்தனியாக எரிந்தது. இதற்கு ஃபாண்டம் வலி (இல்லாத உறுப்பில் தெரியும் வலி) என்று பெயர், வரலாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் இது போன வருஷத்துச் சூடு. அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டியது இப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"செல்வி, பாதம் எரியுது" என்றேன்.

எந்தப் பாதம் என்று அவள் கேட்கவில்லை. துண்டை நனைத்துக் கொண்டுவந்து, கால் முடிகிற இடத்துக்குக் கீழே வெறும் பாயின் மேல் விரித்தாள்.

"இங்கியாங்க?"

"இன்னுங் கொஞ்சம் கீழ."

நகர்த்தி வைத்தாள். கோயில் பக்கம் கூட்டம் கோவிந்தா போட்டது. நெருப்பில் இறங்கிவிட்டார்கள். எனக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது.