மகள் உடம்பில் கிடந்த சட்டை

கணபதி வட்டாரத்தில் புவனா தைத்த ஜாக்கெட் என்றால் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்கள். அவள் பெற்ற மகள் அக்ஷயா மட்டும் போடமாட்டாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை. தையல் உறுத்தினால் போதும், அலறிக் கழற்றி எறிந்துவிடுவாள். ஊருக்கெல்லாம் தைப்பவளின் பிள்ளை வெளுத்த பழைய பனியனில் திரிந்தது. தான் தைத்ததை மகள் ஒரு நாளாவது போட வேண்டும், புவனாவுக்கு வேறு ஆசையே இல்லை.

அடுத்த தெரு ரம்ஷா இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தைக்கிறாள் என்று யாரோ சொல்ல, ஒரு சட்டை வாங்கிவந்தாள். அக்ஷயா போட்டுக்கொண்டாள். கழற்றவே இல்லை, அதோடேயே தூங்கிப்போனாள்.

சந்தோஷப்பட வேண்டும் என்று புவனாவுக்குத் தெரியும். வயிறு கேட்டால்தானே? பற்றிக்கொண்டு எரிந்தது. நேற்று மிஷின் வாங்கியவளுக்கு வந்த வாழ்வைப் பார்! சுமந்து பெற்றவள் இங்கே இருக்க, பிள்ளை உடம்பில் கிடப்பது அவள் சட்டை.

துவைக்கப் போட்டபோது அதைப் புரட்டிப் பார்த்தாள். தையலெல்லாம் வெளிப்பக்கம். லேபிள் இல்லை, பட்டன் இல்லை. இதென்ன பெரிய வித்தையா? அதே துணி எடுத்து, அதே அளவில், இம்மி பிசகாமல் தைத்தாள். அக்ஷயா மாட்டிய வேகத்தில் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டு கழற்றி வீசினாள்.

ரோஷத்தை மென்று விழுங்கியபடி புவனா சட்டையோடு ரம்ஷா வீட்டுக்குப் போனாள்.

"ஏனம்மணி, நானும் உன்னையாட்டத்தான் தச்சேன். எதையாச்சும் மறைச்சுப்போட்டயா?"

ரம்ஷா கோபப்படவில்லை. அதுவும் புவனாவுக்கு எரிச்சலாக இருந்தது. கழுத்தின் உட்புறத்தை விரலால் தடவிய ரம்ஷா, "இதென்னங்க அக்கா, மஞ்சளா?" என்றாள்.

புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் புவனா யாருக்கும் கொடுத்ததில்லை. மகளுக்கு நல்லது நடக்கட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தாள். அது காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"எங்க ஊட்டுல அந்தப் பழக்கம் இல்லீங்க. அதனால மஞ்சள் வைக்காதீங்கன்னு சொல்லணும்னே எனக்குத் தோணலீங்க அக்கா."

வீடு திரும்பி இன்னொன்று தைத்தாள். மஞ்சள் வைக்கவில்லை, மனசு அடித்துக்கொண்டது, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அக்ஷயா மாட்டினாள். தோளை அசைத்துப் பார்த்தாள். கழற்றவில்லை.

புவனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அக்ஷயா சட்டைக் கையைக் கன்னத்தில் தேய்த்தபடி, "ரம்ஷா சட்டை" என்றாள்.

இல்லை, அம்மா தைத்தது என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் கழற்றிவிடுவாளோ?

"ஆமாங் கண்ணு," என்றாள் புவனா. "ரம்ஷா தச்சதுதான்."